சடங்குக்கு மறுநாள்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். உங்கள் மகளுக்கு 13 வயது. போன மாதம் வீட்டில் சடங்கு வைத்தீர்கள். ஒரு வாரம் கழித்து டிவியில் ஏதோ ஒரு பள்ளிக்கூடப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, "பசங்க வளர்றதுக்கு இத்தனை படம் இருக்கே, பொண்ணுங்க வளர்ற படம் எது?" என்று அவள் கேட்டிருக்கிறாள். உங்களுக்குச் சட்டென்று ஒன்றும் வரவில்லை. அதனால் இங்கே வந்து, தமிழில் அப்படிப் பத்துப் படம் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படங்களின் பெயர் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். ஆனால் அவள் கேட்டது பட்டியல் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஏன் இல்லை என்றுதான் கேட்டிருக்கிறாள். அதற்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், பார்ப்பதற்கும் கடைசியில் சிலதைச் சொல்கிறேன்.

நான் 24 வருஷமாகப் படத்தொகுப்பில் இருப்பவன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். ஆண். சடங்கு என்றால் வெளியே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்தவன்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பதில் என் பேச்சைவிட உங்கள் வீட்டுப் பெண்களின் பேச்சுக்குத்தான் மதிப்பு. எனக்குத் தெரிந்தது ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் என்ன வெட்டப்படுகிறது என்பது. உங்கள் மகளின் கேள்விக்கான பதில் அந்த இடத்தில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வெட்டு உண்டு. சின்னப் பையன் ஓடுகிறான். கேமரா அவன் காலுக்கு இறங்குகிறது. புழுதி பறக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் பெரிதாகிவிடுகிறது, கேமரா மேலே ஏறினால் ஹீரோ. கால் இல்லாவிட்டால் சைக்கிள் சக்கரம், அதுவும் இல்லாவிட்டால் குறுக்கே ஒரு ரயில். பத்துப் பதினைந்து வருஷம் இரண்டு நொடியில் முடிந்துபோகும். பெண் பிள்ளைக்கும் இப்படி ஒரு வெட்டு இருக்கிறது, ஆனால் அதில் கால் ஓடாது. பாவாடை சட்டையில் விளையாடிக்கொண்டிருந்தவள் ஒரு கதவுக்குப் பின்னால் போவாள். குலவைச் சத்தம் கேட்கும். மஞ்சள் தண்ணீர், வளையல், தாய்மாமன் சீர்வரிசைத் தட்டு, ஐந்து நிமிஷப் பாட்டு. பாட்டு முடிந்து தாவணியில் வெளியே வருகிறவள் கதாநாயகி. அடுத்த ரீலில் அவளை ஒருத்தன் காதலிக்கத் தொடங்கலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இரண்டும் ஒன்றுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒன்றில்லை. பையனுக்குப் போடும் வெட்டு ஒரு தாண்டல். தாண்டிய இடம் காலியாகவே கிடக்கும். யாராவது ஒரு இயக்குநர் நினைத்தால் அந்த இரண்டு நொடிக்குள் புகுந்து முழுப் படம் எடுத்துவிடலாம், எடுத்தும் இருக்கிறார்கள். பெண்ணுக்கு அந்த இடம் காலியாக இல்லை. பாட்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் வளர்ந்ததைத்தான் காட்டியாயிற்றே, இன்னும் என்ன என்று திரைக்கதை திருப்தியாகிவிடுகிறது.

இதற்கு மொழியையே கவனித்துப் பாருங்கள். வயசுக்கு வந்துட்டா, பெரிய மனுஷி ஆயிட்டா, ஆளாயிட்டா, சமைஞ்சுட்டா, சடங்காயிட்டா. தெற்கே போனால் குத்தவச்சுட்டா. இலங்கைத் தமிழர் வீடுகளில் சாமத்தியப்பட்டுட்டா. அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா. ஒரே நிகழ்ச்சிக்கு இத்தனை சொல். பையனுக்கு என்ன சொல் இருக்கிறது? மீசை அரும்புது என்போம், குரல் உடைஞ்சிருச்சு என்போம். 'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்பது அப்பாவுக்குச் சொன்ன புத்தி. இதில் எதற்கும் தேதி கிடையாது. பெண்ணுக்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, அந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் கணிப்பவர்களும் உண்டு. அவளைத் தனியாக உட்காரவைக்கப் பச்சை ஓலையில் குச்சு என்கிற சின்னக் குடிசை கட்டுவது, உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று முறை உண்டு. இப்போது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனரும் உண்டு.

இது இன்று நேற்றைய கதையும் இல்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்ற பெண்ணின் ஏழு பருவங்களும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வயதுக் கணக்கு மட்டும் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஆணுக்கும் பாலன், மீளி, மறவோன் என்று, இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூலில் வகை இருக்கிறது, ஆனால் தமிழாசிரியர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அரசனோ கடவுளோ தெருவில் பவனி போவதைப் பாடும் உலா இலக்கியத்தில் ஏழு பருவத்துப் பெண்களும் தெருவில் நின்று பார்ப்பார்கள். பேதைக்கு ஒன்றும் புரியாது, மற்றவர்கள் அவரவர் பருவத்துக்கு ஏற்ப மயங்குவார்கள். பவனி போகிறவனுக்குப் பருவம் கிடையாது, அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். அந்தக் காலத்து மாஸ் என்ட்ரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, சினிமாவுக்கு வருவோம். பையனுக்குத் தேதி இல்லாததால், அவன் என்றைக்கு வளர்ந்தான் என்பதை சினிமா தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடல்தான் படம். 1979இல் பாலு மகேந்திரா எடுத்த 'அழியாத கோலங்கள்' இதற்கு நல்ல உதாரணம். ஒரு கிராமம், மூன்று பையன்கள், ஷோபா நடித்த இந்து டீச்சர். பெரிதாகக் கதை என்று ஒன்றும் நடக்காது. வாய்க்கால், வெயில், பெரியவர்களை ஒளிந்து பார்ப்பது, டீச்சர் வந்தால் வாய் அடைத்துப்போவது. அப்புறம் மூவரில் ஒருவன் தண்ணீரில் போய்விடுகிறான். அந்தப் பையன்கள் வயசுக்கு வந்த நாள் அதுதான். யாரும் குலவை போடவில்லை. 45 வருஷம் கழித்து, 2024இல் மாரி செல்வராஜின் 'வாழை'யிலும் ஒரு பையன், ஒரு டீச்சர், ஒரு சாவு ஓலம். ஆனால் இங்கே பையன் தலையில் வாழைத்தார் இருக்கிறது. பள்ளி விடுமுறை நாளில் சுமைக்குப் போக வேண்டும், பசி இருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வகுப்பில் போட்டேன். டீச்சரைப் பார்த்துத் தலை குனியும் கூச்சம் இரண்டிலும் ஒன்றுதான், அந்தப் பையன்களைச் சுற்றியிருக்கும் உலகம்தான் வேறு.

இடையில் 1981இல் 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' இரண்டும் வந்தன. அப்புறம் 2002இல் 'துள்ளுவதோ இளமை'. இவற்றைப் பலரும் இந்த வகையில் சேர்ப்பார்கள். எனக்கு இவை முதல் காதல் படங்கள். முதல் காதலும் வளர்வதும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இதற்கு நல்ல சாட்சி 2014இல் டொரன்டோ விழாவில் முதலில் திரையிடப்பட்டு அடுத்த ஆண்டு இங்கே வெளியான மணிகண்டனின் 'காக்கா முட்டை'. காதலே கிடையாது. இரண்டு சிறுவர்களுக்கு பீட்சா வேண்டும். படம் முழுக்க அதற்காக அலைகிறார்கள், கடைசியில் கிடைக்கிறது, வாயில் வைத்தால் பிடிக்கவில்லை. ஆசைப்பட்டது கைக்கு வந்ததும் அது இவ்வளவுதானா என்று தெரிகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, வளர்வதை அதைவிடச் சுருக்கமாகத் தமிழ் சினிமா காட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். 'அழியாத கோலங்கள்', சேரனின் 'ஆட்டோகிராஃப்', 2018இல் வந்த '96', இவற்றில் யார் உட்கார்ந்து பழசை நினைக்கிறார்கள் என்று பாருங்கள். வளர்ந்த ஆண். 'அழியாத கோலங்கள்' பையன் வளர்ந்து கமல்ஹாசன் ஆகி உட்கார்ந்து யோசிக்கிறான். பெண் அந்த நினைவுக்குள் இருக்கிறாள். '96' கொஞ்சம் விநோதமான படம். அதில் ஜானு சிங்கப்பூரில் குடும்பம், குழந்தை என்று நிஜமாகவே வளர்ந்துவிட்டாள். பத்தாம் வகுப்பிலேயே நின்றுபோனவன் ராம்தான். ஆனாலும் படம் நிற்பவன் பக்கம் நிற்கிறது, வளர்ந்தவள் எப்படி வளர்ந்தாள் என்று கேட்கவில்லை. எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இந்தக் குறை உறுத்துகிறது.

அப்படியானால் 1977இல் வந்த '16 வயதினிலே'? தலைப்பிலேயே வயது இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கதாநாயகி மயில் பள்ளிக்கூடம் முடித்த பெண், டீச்சராக வேண்டும் என்று ஆசை, பட்டணத்து டாக்டரைப் பார்த்து மயங்குகிறாள், ஏமாறுகிறாள், தாயை இழக்கிறாள், ஊரே கேலி செய்யும் சப்பாணி யார் என்று புரிந்துகொள்கிறாள். முழுக்க முழுக்க ஒரு பெண் முதிர்கிற கதை. தமிழில் இதை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை என்று சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தக் கதை அவளை எங்கே கொண்டுபோய் விடுகிறது? ரயில் நிலையத்தில். படம் தொடங்கும்போதும் அங்கே காத்திருக்கிறாள், முடியும்போதும் அங்கேதான்.

அந்தப் படத்துக்கு வெளியே இன்னொரு கதை இருக்கிறது, வகுப்பில் இதைச் சொல்லும்போது பையன்கள்கூட அமைதியாகிவிடுவார்கள். மயிலாக நடித்த ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்டில். 1969இல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாக வந்தவர். 1976இல் 'மூன்று முடிச்சு' வெளியானபோது அவருக்கு 13 வயது, உங்கள் மகளின் வயது. அதில் அவர் ஒரு கட்டத்தில் ரஜினிகாந்துக்குச் சித்தி ஆகிறார். ரஜினிக்கு அப்போது 25. சப்பாணியாக நடித்த கமலும் குழந்தை நட்சத்திரமாக வந்தவர்தான், 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'. ஆனால் குழந்தை கமலுக்கும் கதாநாயகன் கமலுக்கும் நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நடன உதவியாளராக இருந்தார், சின்ன வேஷம் போட்டார், கற்றுக்கொண்டார். குழந்தைக்கும் கதாநாயகிக்கும் நடுவில் ஸ்ரீதேவிக்கு அப்படி ஒரு இடைவெளியே விழவில்லை. நான் மேலே சொன்ன அந்த வெட்டு திரையில் மட்டும் இல்லை, அவர் வாழ்க்கையிலும் விழுந்தது.

என் கையாலேயே விழுந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயர் வேண்டாம். ஒரு கிராமத்துப் படம், சடங்குப் பாட்டு ஒன்று, கிரேன் வைத்து இரண்டு நாள் எடுத்தது. கூடவே அரை நாளில், அநேகமாக ஒப்புக்கு எடுத்த ஒரு காட்சியும் ரஷ்ஷில், அதாவது வெட்டுவதற்கு முன் என் கைக்கு வரும் படப்பதிவில், வந்தது. குச்சுக்குள் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய தட்டு, டம்ளர், ஒரு உலக்கை. வெளியே தெருவில் அவள் கூட்டாளிகள் பாண்டி ஆடுகிற சத்தம். தம்பிக்காரன் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து, ஓலை இடுக்கு வழியாக அவளுடைய சொட்டாங்கல்லை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறான். நான்கு வந்துவிட்டது. ஐந்தாவது இடுக்கில் மாட்டிக்கொண்டது. அது ஸ்கிரிப்டில் இல்லை, நிஜமாகவே மாட்டிக்கொண்டது. அவள் உள்ளிருந்து விரலால் நெம்புகிறாள், அவன் வெளியிலிருந்து தள்ளுகிறான், இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் நான்கு கல்லை வைத்தே ஆடத் தொடங்குகிறாள். மொத்தம் ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. தயாரிப்புத் தரப்பு பார்த்துவிட்டு, "லேடீஸுக்குப் பாட்டு போதும் சார், இது லேக், இழுக்குது" என்றார்கள். தம்பி எட்டிப்பார்ப்பதை மட்டும் எட்டு நொடி எடுத்துப் பாட்டுக்கு நடுவில் காமெடியாகச் சொருகினேன். எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டது. பாட்டு நன்றாக ஓடியது.

இதுவரை சொன்னதில் படங்களும் வருஷங்களும் உறுதியானவை. தேதி இருப்பதால்தான் கதை இல்லாமல் போனது என்பது என் ஊகம். அதற்கு எதிராக நானே ஒரு சாட்சி சொல்ல முடியும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் அக்கா துர்கா, தம்பி அப்பு. மழையில் நனைந்து காய்ச்சலில் துர்கா செத்துப்போகிறாள். அப்பு வளர்வதற்கு 1956இலும் 1959இலும் இன்னும் இரண்டு படம் கிடைத்தது. பிரான்ஸில் 1959இல் த்ரூஃபோ எடுத்த 'நானூறு அடிகள்' படத்திலும் கடலை நோக்கி ஓடி, கேமராவைப் பார்த்து உறைந்து நிற்பது பையன்தான். அங்கே எந்த மாமன் குச்சு கட்டினான்? ஆக, சடங்கின் தலையிலேயே எல்லாப் பழியையும் போடுவது சரியாக வராது. எடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவரவர் ஞாபகத்தை எடுத்தார்கள் என்பது இன்னும் எளிய காரணம். வியாபாரமும் இருக்கிறது. ஹீரோ இல்லாத படத்துக்குத் தியேட்டர் பிடிப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பெண் இயக்குநர் வந்தால் தானாக மாறிவிடும் என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். ஹலிதா ஷமீம் தன் முதல் படமாக எடுத்த 'பூவரசம் பீப்பீ' மூன்று பையன்களின் கதை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அவருக்கு எது தோன்றியதோ அதை எடுத்தார், படமும் நல்ல படம்.

பெண்கள் வளர்கிற படங்கள் தமிழில் இல்லாமல் இல்லை. ஆனால் இருக்கிற நல்ல படங்கள் அந்தச் சடங்குத் தேதியைக் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டு போகின்றன. 2002இல் மணிரத்னம் எடுத்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' அமுதா, தன் ஒன்பதாவது பிறந்தநாளில் தான் தத்துப்பிள்ளை என்று தெரிந்துகொள்கிறாள். அவள் அம்மாவைத் தேடிப் போரின் நடுவே போவதும், கிடைத்த அம்மா கூட வரமாட்டேன் என்பதும், அதை அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்பதும்தான் அவள் வளர்வது. நடித்த கீர்த்தனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜானகி விஸ்வநாதன் எடுத்த 'குட்டி', வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமியின் கதை. சிவசங்கரியின் கதையிலிருந்து வந்தது.

தேதியை நேருக்கு நேர் பார்த்த படம் என்றால் ராமின் 'பேரன்பு'. 2013இல் 'தங்க மீன்கள்' படத்தில் சின்னப் பிள்ளையாக வந்த சாதனாதான் இதில் மூளை முடக்குவாதம் உள்ள பாப்பா. ஒரே இயக்குநரிடம் ஒரே பெண் வளர்ந்திருக்கிறாள், அந்த வெட்டு இல்லாமல். தாய் விட்டுப் போய்விட்டாள், அப்பா மம்மூட்டி மட்டும். மாதவிடாய் வருகிறது. மாமனும் இல்லை, சீரும் இல்லை, பாட்டும் இல்லை. நாப்கின் மாற்ற அப்பா கை நீண்டால் மகள் விடமாட்டேன் என்கிறாள். பாட்டு மூடிவைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று நம் சினிமா எட்டிப் பார்த்தது அங்கேதான். 2025இல் வர்ஷா பரத் எடுத்த 'பேட் கேர்ள்' இன்னொரு வழியில் போனது. பள்ளிக்கூடத்தில் தொடங்கி முப்பது வயதைத் தாண்டும்வரை ஒரே பெண்ணின் கூடவே போகிறது, அவள் செய்யும் தப்புகளோடு. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில், ஆசியப் படங்களுக்குக் கொடுக்கும் நெட்பேக் விருது வாங்கியது. இங்கே டீசர் வந்தவுடனேயே சண்டை, வழக்கு. பையன்கள் இதைவிடப் பெரிய தப்புகள் செய்த படங்களின் டீசருக்கு யாரும் கோர்ட்டுக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்புறம், நீங்கள் கேட்டது. முதலில் 'காக்கா முட்டை' போடுங்கள். பையன்கள் படமாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து சிரிக்கலாம், வளர்வது என்றால் காதல் இல்லை என்பதும் பேச்சில் வந்துவிடும். அடுத்து 'கன்னத்தில் முத்தமிட்டால்'. போர்க் காட்சிகள் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பக்கத்தில் இருங்கள். 'பேரன்பு' நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள், அதில் 13 வயதுக்குக் கனமான இடங்கள் உண்டு. 'பேட் கேர்ள்' இன்னும் மூன்று நான்கு வருஷம் பொறுக்கட்டும், அப்போது அவளே உங்களைக் கேட்காமல் பார்த்துவிடுவாள். '16 வயதினிலே' எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் நடிக்கும்போது ஸ்ரீதேவிக்கு என்ன வயது என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். இப்போது தணிக்கைச் சான்றிதழில் 7+, 13+, 16+ என்று பிரித்தே போடுகிறார்கள். புதுப் படங்களுக்கு அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சும்மா ஒரு ஆர்வத்தில் கேட்கிறேன். சடங்கு நாட்களில் அவளைத் தனியாக உட்கார வைத்திருந்தீர்களானால், அந்த நேரம் முழுக்க அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டுப் பாருங்கள். அவள் சம்மதித்தால் மட்டும் இங்கே எழுதுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் குறும்படத்துக்குக் கதை தேடிக்கொண்டிருக்கிறாள். அந்த ஐந்தாவது கல்லைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.